பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்: என்ன, எவ்வளவு, எந்த வரிசையில் சாப்பிடுவது?

வயிற்றில் எந்த ஆபரேஷன் நடந்தாலும் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சி. அடுத்தது இளநீர், அதற்கும் அடுத்தது சாத்துக்குடி ஜூஸ். குடல்வாலோ ஹெர்னியாவோ என்றால் இந்தப் பத்தியத்தால் பெரிய கெடுதல் இல்லை. சில நாட்களில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். எடைக் குறைப்புக்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இதே பத்தியம் வாரக்கணக்கில் நீண்டால் தசை கரையும், முடி கொட்டும், ரத்தசோகை வரும். அவர் அப்போது சாப்பிடக்கூடிய அரைக் கிண்ணம் அரிசிக் கஞ்சியில் புரதம் 2 கிராம் இருந்தாலே அதிகம். தேவையோ ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். இரைப்பை சுருங்கிவிட்டது, உடம்பின் தேவை அப்படியே இருக்கிறது. சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் எல்லாமே இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான்.

கீழே உள்ள அளவுகள் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் பொதுவான அளவுகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவே மாறும். உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும் எழுதிக் கொடுத்தது இதிலிருந்து வேறுபட்டால் அவர்கள் சொன்னதையே பின்பற்றுங்கள்.

எந்த ஆபரேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"கொழுப்பு ஆபரேஷன்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டாலும், எது செய்யப்பட்டதோ அதைப் பொறுத்துத்தான் எந்தச் சத்து குறையும் என்பது அமையும்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். கொள்ளளவு 100 முதல் 150 மி.லி. குடலில் கை வைப்பதில்லை. ஆனால் வெட்டிய பகுதியில்தான் அமிலமும், வைட்டமின் பி12 உறிஞ்சப்படத் தேவையான புரதமும் பெருமளவு சுரந்துகொண்டிருந்தன. அதனால் பி12, இரும்பு இரண்டும் குறையும்.

பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தொடாமலே போகிறது. மினி பைபாஸில் பை கொஞ்சம் நீளம். ஆனால் சுமார் 150 முதல் 200 செ.மீ. குடல் விலக்கி வைக்கப்படுகிறது. பெயரில்தான் மினி, சத்துக் குறைவு விஷயத்தில் மூன்றிலும் அதிகக் கவனம் கேட்பது இதுதான். ஏ, டி, ஈ, கே போன்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் இதில் குறையக்கூடும்.

முதல் படி: ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு

உடல் பருமன் உள்ளவரிடம் சத்து நிறைய இருக்கும் என்று நினைப்பது தவறு. கலோரி மிகுந்திருக்கும் அதே உடம்பில் வைட்டமின் டி, பி12, இரும்பு மூன்றும் அடிமட்டத்தில் இருப்பது சகஜம். சைவம் சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் பல வருடமாக எடுப்பவர்களும் பி12 விஷயத்தில் முன்கூட்டியே பின்தங்கியிருப்பார்கள். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருப்பதை இப்போதே ஏற்றிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு உறிஞ்சும் திறனே குறைந்துவிடுவதால் அதே குறையைச் சரிசெய்ய ஊசி, ட்ரிப்ஸ் என்று போக வேண்டியிருக்கும்.

இந்த மாதங்களில் இரண்டு பழக்கங்களை ஒத்திகை பார்க்கலாம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒன்று. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்வது இன்னொன்று. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து அப்படியே விழுங்கிப் பழகிய நமக்கு இரண்டாவதுதான் பெரும்பாடு.

இரண்டாம் படி: கடைசி இரண்டு வாரம்

கல்லீரலின் இடது மடல் இரைப்பைக்கு மேல் படிந்திருக்கும். அதில் கொழுப்பு ஏறிப் பெருத்திருந்தால் லேப்ராஸ்கோப்பில் அதைத் தூக்கிப் பிடித்து இரைப்பையைப் பார்ப்பதே சிரமம். அதற்காகத்தான் இரண்டு வாரம் நாளுக்கு 800 முதல் 1000 கலோரி உணவு. மாவுச்சத்தைக் குறைத்தால் கல்லீரலில் சேமித்த கிளைகோஜனும் அதோடு கட்டுண்ட நீரும் முதலில் வெளியேறும். கொழுப்பும் குறையத் தொடங்கும்.

நடைமுறையில் இப்படி: மூன்று வேளை புரோட்டீன் ஷேக், ஒரு வேளை காய்கறியோடு இரண்டு முட்டை அல்லது 75 கிராம் பன்னீர், இடையில் மோர், தெளிவான சூப். அரிசி, கோதுமை, சிறுதானியம், கிழங்கு, பழரசம் எதுவும் இல்லை. ராகி, கம்பு எல்லாம் "ஹெல்தி" ஆயிற்றே என்று கேட்பார்கள். இந்த இரண்டு வாரத்துக்கு அவையும் மாவுச்சத்துதான். "இதுதான் கடைசி விருந்து" என்று ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் பிரியாணி கடைக்குப் போவது எல்லாரும் செய்யும் தவறு. கல்லீரல் மறுபடி வீங்கினால் அறுவை நேரமும் ஆபத்தும் கூடும். சில சமயம் தேதியே தள்ளிப்போகும்.

சர்க்கரை மருந்து எடுப்பவர்கள் இந்த உணவைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. பழைய அளவில் இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தையும் குறைத்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். ரத்த அழுத்த மாத்திரையும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும் குறைக்க வேண்டிவரலாம்.

மூன்றாம் படி: முதல் இரண்டு நாள், தெளிவான திரவம்

மருந்து பாட்டிலோடு வரும் 30 மி.லி. மூடிதான் இப்போது உங்கள் டம்ளர். 15 நிமிடத்துக்கு ஒரு மூடி. ஒரு மணி நேரத்தில் 120 மி.லி., விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டும். முதல் நாளே அது முடியாது. ட்ரிப்ஸ் ஓடிக்கொண்டிருப்பதால் பதற வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன சில நாட்களுக்குள் அந்த அளவை எட்டிவிட வேண்டும்.

வெந்நீர், காரமும் புளியும் குறைத்து வடிகட்டிய ரசம், பருப்புத் தெளிவு, வடிகட்டிய கோழி சூப், அளவாக இளநீர் எல்லாம் சரி. ஸ்ட்ரா வேண்டாம், காற்று சேர்ந்து இறங்கும். சோடா, கோலா அறவே கூடாது.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, வயிற்று வலி கூடிக்கொண்டே போவது, இடது தோளில் வலி: இவற்றில் எதைக் கண்டாலும் சாப்பாட்டு யோசனையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம்.

நான்காம் படி: இரண்டாவது வாரம் முடியும்வரை, புரதத் திரவம்

கஞ்சி உள்ளே நுழையப் பார்க்கும் காலம் இது. பதிலாக, ஆடை நீக்கிய பால், மோர், கலக்கிய தயிர், மிக்ஸியில் அடித்து வடிகட்டிய பாசிப்பருப்பு சூப், புரோட்டீன் பவுடர்.

பவுடர் வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். 30 கிராம் ஸ்கூப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல், சர்க்கரை 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். மால்ட் வாசனையோடு வரும் சத்து பானப் பவுடர்களில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும்தான். அவை இதில் சேராது. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புபவர்கள் வே ஐசொலேட் (பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கிய பால் புரதப் பவுடர்) எடுக்கலாம். பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு சோயா அல்லது பட்டாணிப் புரதம். கொதிக்கும் பாலில் பவுடரைப் போட்டால் கட்டி கட்டியாகத் திரியும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு கலக்குங்கள். இனிப்பு திகட்டிவிட்டால் சுவையூட்டாத பவுடரை மோரிலோ ரசத்திலோ கலக்கலாம். ஒரு டம்ளர் பாலில் 15 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்த்தால் கூடுதலாக 5 கிராம் புரதம் கிடைக்கும். செலவு குறைந்த வழி அதுதான்.

இந்தக் கட்டத்தில் 60 கிராமை எட்டுவது கடினம். 40-ஐத் தொட்டு ஏறுமுகத்தில் இருந்தால் போதும். புரதத்தைவிடத் தண்ணீருக்குத்தான் இப்போது முதலிடம், ஏனென்றால் முதல் மாதத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருபவர்களில் பலர் நீரிழப்பால் வருபவர்கள்.

ஐந்தாம் படி: மூன்று முதல் ஆறு வாரம், கூழும் மென்மையும்

மூன்றாவது, நான்காவது வாரத்தில் எல்லாமே கடைந்த பதம்: கடைந்த பருப்பு, துணியில் கட்டி நீர் வடித்த தயிர், பாலோடு அரைத்த பன்னீர், மிருதுவாகக் கிளறிய முட்டை, முள் நீக்கி மசித்த மீன். ஒரு வேளைக்கு இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி. காபி ஸ்பூனால் எடுத்து, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் இடையில் அரை நிமிடம் விடுங்கள்.

ஐந்தாவது வாரத்திலிருந்து விரலால் நசுங்கும் எதுவும் சரி. புட்டுபோல உதிர்த்த மீன், குழம்பில் நன்றாக வெந்த கொத்துக்கறி, பன்னீர் புர்ஜி, சுரைக்காய், பூசணி, புடலங்காய்க் கூட்டு. கோழித் துண்டு இன்னும் வேண்டாம். நெஞ்சுக்கறி பஞ்சுபோல இருந்தாலும் நார் நாராகப் பிரிந்து அடைத்துக்கொள்ளும்.

அடைப்பது எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். நெஞ்சுக்குழியில் ஒரு கல் நிற்பதுபோல அழுத்தும், வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறும், கடைசியில் சாப்பிட்டது அப்படியே மேலே வரும். வேகமாக விழுங்குவது, உலர்ந்த உணவு, ஒரு வாய் அதிகம், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். நம் சமையலில் அடிக்கடி மாட்டுபவை: ஆறிய சப்பாத்தி, பிரெட், ஒட்டிக்கொள்ளும் குழைந்த சோறு, வறுத்த கறி, முருங்கைக்காய்ச் சக்கை, ஆரஞ்சுத் தோல். அடைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து மெதுவாக நடங்கள். அன்று மீதி நேரம் திரவம் மட்டும். ஒவ்வொரு நாளும் இப்படி ஆனால், அல்லது மென்மையான உணவுகூட இறங்காமல் போனால், பாதை குறுகியிருக்கலாம், எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

ஆறாம் படி: இரண்டாவது மாதத்துக்குப் பிறகு, தட்டின் வரிசை

நம் தட்டில் சோறு மலைபோல நடுவில். பொரியலும் கூட்டும் ஓரத்தில். இனி வரிசை தலைகீழ். முதலில் புரதம், அடுத்து காய், இடம் மிஞ்சினால் மட்டும் சோறோ இட்லியோ. புரதத்தை முடிக்காமல் சோற்றைத் தொட்டால் பை நிறைந்துவிடும், அந்த வேளை வீண்.

சாம்பாரைப் பருப்பென்று எண்ணி ஏமாற வேண்டாம். ஒரு கரண்டி சாம்பாரில் இரண்டு மூன்று கிராம் புரதம்தான். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். கீரையும் காளானும் நல்லவைதான். புரதக் கணக்கில் அவை பெரிதாகச் சேராது.

சைவருக்கு மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் இப்படிப் போகலாம். காலை 7 மணிக்கு 150 மி.லி. பாலில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், 29 கிராம். 9.30-க்கு 30 கிராம் பச்சைப்பயறு அரைத்து ஊற்றிய மெல்லிய அடை, 7 கிராம். மதியம் 50 கிராம் பன்னீரில் புர்ஜி, இரண்டு ஸ்பூன் பருப்புக் கூட்டு, 11 கிராம். மாலை 100 கிராம் தயிரில் 10 கிராம் பொட்டுக்கடலைப் பொடி, 5 கிராம். இரவு 15 கிராம் சோயா துண்டுகளை வேகவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்கிய குருமா, ஒரு சிறிய இட்லி, 10 கிராம். படுக்கும் முன் 100 மி.லி. பால், 3 கிராம். மொத்தம் 65. பவுடரை எடுத்துவிட்டால் 41-தான் நிற்கும். சைவர்களுக்கு பவுடர் ஆடம்பரம் அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அசைவம் சாப்பிடுபவருக்கு வேலை சுலபம்: இரண்டு முட்டை 12, வெந்த மீன் 60 கிராமில் 12, வெந்த கோழி 50 கிராமில் 14, பால் 300 மி.லி.யில் 9, அரை ஸ்கூப் பவுடர் 12. கூட்டோடு சேர்த்தால் 60 வந்துவிடும்.

தண்ணீர்: சாப்பிடும் முன்பு கடைசி மடக்கிலிருந்து அரை மணி, சாப்பிட்ட பிறகு அரை மணி இடைவெளி. மோர் சாதம், ரசம் சாதம் என்று கரைத்துச் சாப்பிடுவதும் இதே விதியை மீறுவதுதான். வழவழவென்று இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வு நிற்காது, ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

ஏழாம் படி: மாத்திரைகள், வாழ்நாள் முழுக்க

எடை குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அதிகம் அஞ்சும் தவறு. பி12 கல்லீரலில் சேமிப்பாக இருப்பதால் குறைவு தெரிய ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். கால் மரத்துப்போய், நடை தடுமாறிய பிறகு ஏற்றினால் நரம்பு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

வழக்கமான நாளொன்றின் அளவுகள்:

- பி12: மாத்திரையாக 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி.
- இரும்பு: மாதவிடாய் உள்ள பெண்களுக்கும், ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60 மி.கி. தனிமம் (மாத்திரையின் மொத்த எடை அல்ல, அதில் உள்ள உண்மையான இரும்பு).
- கால்சியம்: உணவும் மாத்திரையும் சேர்த்து 1200 முதல் 1500 மி.கி. ஒரே தடவையில் 500 முதல் 600 மி.கி.க்கு மேல் உறிஞ்சாது, பிரித்துத்தான் போட வேண்டும்.
- டி3: 3000 யூனிட், ரத்தத்தில் வைட்டமின் டி அளவு 30-ஐ (நானோகிராம்/மி.லி.) தாண்டும்வரை.
- பி1 என்ற தையமின்: குறைந்தது 12 மி.கி.
- ஃபோலேட் 400 முதல் 800 மைக்ரோகிராம். துத்தநாகம், தாமிரம் உள்ள முழு மல்டிவைட்டமின்.

கால்சியம் சிட்ரேட்டையே கேட்டு வாங்குங்கள். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். அதுதான் இப்போது குறைவு, போதாக்குறைக்கு அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். லேபிளில் ஒரு சூட்சுமம் உண்டு: "கால்சியம் சிட்ரேட் 1000 மி.கி." என்று எழுதியிருந்தால் அதில் உண்மையான கால்சியம் சுமார் 210 மி.கி.தான். ஆயிரம் போட்டுவிட்டோம் என்று திருப்தியாக இருப்பவர் உண்மையில் தேவையின் ஒரு சிறு பங்கைத்தான் எடுக்கிறார். தனிமக் கால்சியம் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடுங்கள்.

கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காலை 8-க்குக் கால்சியம், 11-க்கு எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பும் மல்டிவைட்டமினும், பகல் 2-க்கும் இரவு 8-க்கும் கால்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். காபி, டீயை இரும்பின் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் கால்சியம், இரும்புக்கும் நான்கு மணி நேரம் விட வேண்டும், ஆகவே முதல் கால்சியம் 10 மணிக்கு நகரும், மற்றவையும் அதற்கேற்ப. போனில் அலாரம் வைக்காமல் இதைக் கடைப்பிடிப்பவர்கள் அரிது.

முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழச் சிரப்பும் இரும்பு மாத்திரைக்கு மாற்றாகாது. கீரையில் உள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். சிரப்பில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. கம்மி மிட்டாய் வைட்டமின்களில் பலவற்றில் இரும்பே இருக்காது. வாரம் ஒருமுறை போடும் 60,000 யூனிட் டி3 சாஷே குறையைச் சரிசெய்யக் குறிப்பிட்ட வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பது. அதை வருடக்கணக்கில் தானாகத் தொடரக் கூடாது.

முதல் சில வாரங்கள் மென்று சாப்பிடும் மாத்திரை அல்லது திரவ வடிவம். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைத்துப் பொடியாக்கக் கூடாது. எதை மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

எங்கே கோளாறு வருகிறது

*தொடர் வாந்தி.* எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். உடம்பில் தையமின் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். வாந்தி நீடித்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, பேச்சு குழம்பினால் மூளை பாதிக்கப்படுகிறது என்று பொருள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். பக்கத்து கிளினிக்கில் உடனே குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்ற வருவார்கள். "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர், முதலில் தையமின் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். தையமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகிப் பாதிப்பு தீவிரமாகும்.

*டம்ப்பிங்.* கல்யாணப் பந்தியில் ஒரு கரண்டி பாயசம். பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிசைவு, பேதி. பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரும். சர்க்கரை குடலுக்குள் மொத்தமாக இறங்கி நீரை உள்ளே இழுப்பதே காரணம். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு ரகம்: இன்சுலின் அதிகம் சுரந்து சர்க்கரை தாழ்கிறது. கை நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். பழரசம், கரும்புச்சாறு, தேன் எல்லாம் இதே வரிசைதான். முழுப் பழமாக, புரதத்தோடு, சிறிதளவு சாப்பிட்டால் பெரும்பாலும் வராது.

*முடி கொட்டுதல்.* மூன்றாவது முதல் ஆறாவது மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அறுவையின் அதிர்ச்சியாலும் வேகமான எடை இழப்பாலும் வருவது, பெரும்பாலும் தானே திரும்பும். ஆறு மாதத்தைத் தாண்டியும் நிற்காவிட்டால் ஃபெரிட்டின், துத்தநாகம், புரத அளவு பாருங்கள். பயோட்டின் மட்டும் வாங்கிப் போடுவதில் பயனில்லை. அது சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பவும் செய்யும்.

*எடை திரும்ப ஏறுதல்.* முறுக்கு, மிக்சர், பிஸ்கட் மூன்றும் வாயிலேயே கரைந்து தடையின்றி இறங்கிவிடும். கோழித் துண்டு மூன்று வாயில் நிறுத்திவிடும். மிக்சர் ஒரு கிண்ணம் போகும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று சொல்பவர்களின் சாப்பாட்டுக் குறிப்பைக் கேட்டால் பல நேரம் இதுதான் வெளியே வரும்.

*விரதம்.* முதல் வருடம் சஷ்டியோ ரமலான் நோன்போ டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். தண்ணீரையும் புரதத்தையும் சில மணி நேரத்துக்குள் திணித்து ஈடுகட்ட இந்த வயிற்றில் இடமில்லை.

*கர்ப்பம்.* 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் கருத்தடையை முன்பே பேசிவிடுங்கள். கர்ப்பமானால், சர்க்கரை பார்க்கக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்லும் பரிசோதனை டம்ப்பிங்கை வரவழைக்கும். அதற்குப் பதில் வீட்டில் ஒரு வாரம் மீட்டரில் பார்த்துக் குறிக்கலாமா என்று கேளுங்கள்.

எட்டாம் படி: பரிசோதனைக் காலண்டர்

மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதம். அதன் பிறகு வருடம் ஒருமுறை. முன்பு பார்த்த பட்டியலோடு பாராதைராய்டு ஹார்மோனையும் சேருங்கள். ரத்தத்தில் கால்சியம் சாதாரணமாகக் காட்டும், ஏனென்றால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து அதை நிரப்பிக்கொள்கிறது. அந்தத் திருட்டைக் காட்டிக்கொடுப்பது இந்த ஹார்மோன்தான். மினி பைபாஸ் செய்தவர்கள் வைட்டமின் ஏ-யும் பார்க்க வேண்டும்.

பணப்பையில் ஒரு அட்டை வைத்திருங்கள்: எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த மருந்துகள். பைபாஸ் செய்தவர்கள் அதில் இன்னொரு வரியும் எழுதட்டும்: டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம், இணைப்பில் புண் வரும். பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பாராசிட்டமால் என்று கேட்டு வாங்குங்கள்.